தியோடோரோ கலாவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியோடோரோ கலாவ் யார்?

பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாற்றாசிரியர், இதழாசிரியர், வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், உள்துறைச் செயலர், தேசிய நூலக இயக்குநர். முழுப்பெயர் தியோடோரோ மங்கியாத் கலாவ். 1884 மார்ச் 31 அன்று பிறந்து, 1940 டிசம்பர் 4 அன்று தமது 56-ஆம் வயதில் மறைந்தார். ஸ்பானிய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பிள்ளைப் பருவத்தையும், புரட்சியின் நடுவே பள்ளிப் பருவத்தையும், அமெரிக்க ஆட்சியின் கீழ் முழு வாழ்க்கையையும் கழித்த தலைமுறையைச் சேர்ந்தவர். நாடு விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டதால், வாழ்நாள் முழுவதும் எதற்காக எழுதினாரோ அதை அவர் காணவில்லை.

அவர் வகித்த பதவிகளில் உள்துறைச் செயலர் பதவியே பெரியது. அவரது பெயரைப் பரவச் செய்தது 1908-ஆம் ஆண்டின் அவதூறு வழக்கு. ஆனால் அவர் ஆற்றிய பணிகளுள் இன்றுவரை பயன் தருவது, நூலகத்தில் இருந்தபடி மறைந்த தலைவர்களின் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடித் தொகுத்து அச்சேற்றிய பணிதான் என்பது இப்பக்கத்தை எழுதுபவனின் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகளில் அந்தப் பணிக்குக் கூடுதல் இடம் தரப்பட்டிருப்பதற்குக் காரணம் அதுவே.

அவர் எந்த ஊரில், எத்தகைய சூழலில் வளர்ந்தார்?

லூசோன் தீவின் தெற்கே உள்ள பத்தாங்காஸ் மாகாணத்தின் லிபா நகரம் அவர் பிறந்த ஊர். தந்தை வலேரியோ கலாவ், தாய் மரியா மங்கியாத். அவர் பிறந்த காலத்தில் லிபா காப்பியால் செழித்திருந்தது. 1887-இல் ஸ்பானிய அரசு அவ்வூருக்கு 'வில்யா' என்னும் சிறப்பு நிலையை வழங்கும் அளவுக்குச் செல்வம் சேர்ந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் பரவித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன் இலங்கை மலைநாட்டின் காப்பித் தோட்டங்களை அழித்து, அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களைத் தேயிலைக்கு மாற்றியதும் இதே நோய்தான் என்பதால், லிபா மக்கள் பட்ட துன்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

கலாவுக்கு 12 வயதானபோது, 1896 ஆகஸ்டில், ஸ்பெயினுக்கு எதிரான புரட்சி வெடித்தது. 14 வயதில், 1898 ஜூன் 12 அன்று, புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்தோ கவீத் நகரில் விடுதலையை அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1899 பிப்ரவரியில் அமெரிக்கர்களோடு போர் மூண்டது. பத்தாங்காஸ் அப்போரில் மிகக் கடைசிவரை நின்ற பகுதிகளுள் ஒன்று. 1901-இன் இறுதியில் அமெரிக்கத் தளபதி ஃபிராங்க்ளின் பெல் அம்மாகாணத்து ஊர்மக்களைக் குறிப்பிட்ட எல்லைகளுக்குள் அடைத்து, வெளியில் கிடைத்த உணவையும் கால்நடைகளையும் பறித்து அழிக்கச் செய்தார். 1902 ஏப்ரலில் பிலிப்பினோ தளபதி மிகேல் மால்வார் சரணடைந்தார். பின்னாளில் கலாவ் வரலாறு எழுத உட்கார்ந்தபோது, இவை அவருக்கு ஏட்டில் படித்த செய்திகளாக இருக்கவில்லை.

'கலாவ்' என்ற பெயருக்குப் பொருள் உண்டா?

உண்டு. தகாலோக் மொழியில் கலாவ் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் இருவாச்சியின் இனத்தைச் சேர்ந்த பறவை.

அவர் பத்திரிகைத் துறைக்கு எப்படி வந்தார்?

லிபாவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மணிலாவுக்குச் சட்டம் படிக்கச் சென்றார். அவர் பயின்ற சட்டப் பள்ளியில் பாடம் சொன்னவர்களுள் ஃபெலிப்பே கால்தெரோன் ஒருவர். 1899-இல் மலோலோஸ் நகரில் அமைந்த முதல் குடியரசின் அரசியலமைப்பை வரைந்தவர் அவரே. தோற்றுப்போன ஒரு குடியரசின் சட்டத்தை, அதை எழுதியவரின் வாயாலேயே கேட்டு வளர்ந்த மாணவர், பின்னாளில் மலோலோஸ் அரசியலமைப்பைப் பற்றித் தம் தொடக்ககால நூல்களுள் ஒன்றை எழுதியதில் வியப்பில்லை.

படித்துக்கொண்டிருக்கும்போதே 'எல் ரெனாசிமியெந்தோ' நாளேட்டில் செய்தியாளராகச் சேர்ந்தார். 'மறுபிறப்பு' என்று பொருள்படும் அவ்வேட்டை 1901-இல் தொடங்கியவர் ரஃபேல் பால்மா. ஸ்பானிய மொழியில் வெளிவந்த அதற்கு 'மூலிங் பக்சிலாங்' என்ற தகாலோக் பகுதியும் இருந்தது; அதை லோப்பே கா. சாந்தோஸ் பார்த்துக்கொண்டார். போர் முடிந்தபின் துப்பாக்கி ஏந்த முடியாத ஒரு நாட்டில், காவல்படையின் அத்துமீறல்களையும் அதிகாரிகளின் செருக்கையும் எழுதத் துணிந்த ஏடு என்று மக்கள் அதை நம்பினர். 1907-இல் பால்மா முதல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்றபோது, ஆசிரியர் பொறுப்பு 23 வயதான கலாவிடம் வந்தது.

'ஆவெஸ் தெ ரப்பீஞா' என்ற தலையங்கம் என்ன சொன்னது?

1908 அக்டோபர் 30 அன்று 'எல் ரெனாசிமியெந்தோ' வெளியிட்ட தலையங்கத்தின் பெயர் அது; 'இரைகவர் பறவைகள்' என்று தமிழில் சொல்லலாம். உலகில் சிலர் உண்பதற்கும் விழுங்குவதற்கும் பிறக்கிறார்கள், சிலர் உண்ணப்படுவதற்கும் விழுங்கப்படுவதற்கும் பிறக்கிறார்கள் என்ற எண்ணத்தில் தொடங்கி, அமெரிக்காவின் சின்னமான கழுகை அது நினைவூட்டியது. பிறகு, கழுகின் இயல்போடு பிணந்தின்னிப் பறவை, ஆந்தை, இரத்தம் குடிக்கும் வௌவால் ஆகியவற்றின் இயல்புகளும் சேர்ந்த ஒருவரை, பெயர் சொல்லாமல் வருணித்தது. அந்த மனிதர் அறிவியல் ஆராய்ச்சி என்ற பெயரில் பெங்கெத் மலைகளில் ஏறி இகோரோத் மக்களின் மண்டை ஓடுகளை அளக்கிறார்; ஆனால் அவருடைய கண் தங்கம் இருக்கும் இடங்களைத் தேடுகிறது. கால்நடை நோயைத் தடுக்கும் பொறுப்பிலிருந்தபடியே நோயுற்ற மாட்டின் இறைச்சி நகரில் விற்பனையாவதைப் பொறுத்துக்கொள்கிறார். பொதுநிலத்தையும் பொதுப்பணத்தையும் தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் பயன்பட வைக்கிறார். இப்படி அடுக்கிச் சென்ற தலையங்கம், விவிலியத்தில் பெல்ஷாசர் மன்னனின் விருந்து மண்டபச் சுவரில் தோன்றிய தீர்ப்பு வாசகத்தோடு முடிந்தது.

பெயர் இல்லாவிட்டாலும் படித்த எவருக்கும் ஆள் விளங்கியது. டீன் வூஸ்டர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விலங்கியலாளர்; 1887-லேயே பறவைகளையும் விலங்குகளையும் சேகரிக்கப் பிலிப்பைன்ஸ் வந்தவர். 1901 முதல் உள்துறைச் செயலராக இருந்தார். மலைவாழ் மக்களின் நிர்வாகம், பொதுநிலம், சுகாதாரம் எல்லாம் அவர் கையில் இருந்தன. பிலிப்பினோக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வந்தார். மலைகளில் மக்களை அளந்ததும் படமெடுத்ததும் அவரே வெளியிட்ட செய்திகள்.

அந்தத் தலையங்கத்தை எழுதியவர் கலாவா?

இல்லை. எழுதியவர் அதே ஏட்டில் பணியாற்றிய, அதே லிபா ஊரைச் சேர்ந்த ஃபிதெல் ரெயெஸ். ஆனால் ஏட்டின் ஆசிரியர் கலாவ். குற்றவியல் வழக்கின் சுமையை அவரும் வெளியீட்டாளர் மர்த்தீன் ஓகாம்போவுமே தாங்கினர். பிறர் எழுதியதற்காகச் சிறைத் தண்டனை எதிர்வந்து நின்ற ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவரைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது என்று கருதுகிறேன்.

வழக்கு எப்படி முடிந்தது?

வழக்குகள் இரண்டு. வூஸ்டர் கலாவ் மீதும் ஓகாம்போ மீதும் குற்றவியல் அவதூறு வழக்கு நடக்கச் செய்தார். அதோடு ஏட்டோடு தொடர்புடைய பன்னிருவர் மீது இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் தொடுத்தார்.

குற்றவியல் வழக்கில் இருவருக்கும் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. வெளியீட்டாளரைவிட ஆசிரியருக்கே தண்டனை கூடுதல். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு அங்கிருந்து வாஷிங்டன் வரை போயிற்று. மாகாணங்களில் ஒருவரைக் கைது செய்யுமுன் நீதிபதி முன்னிலையில் நடக்கும் முதற்கட்ட விசாரணை மணிலா நகரத்தில் மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது அங்கே எழுப்பப்பட்ட வாதங்களுள் ஒன்று. 1914-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனையை நிலைநிறுத்தியது. அப்போது தலைமை ஆளுநராக இருந்த ஃபிரான்சிஸ் பர்ட்டன் ஹாரிசன், பிலிப்பினோக்களிடம் ஆட்சிப் பொறுப்பை விரைந்து ஒப்படைக்க விரும்பியவர். அவர் இருவருக்கும் மன்னிப்பு வழங்கியதால் கலாவ் சிறைக்குப் போக நேரவில்லை.

உரிமையியல் வழக்கு ஏட்டின் உயிரையே வாங்கியது. கீழ் நீதிமன்றம் 60,000 பேசோ இழப்பீடு விதித்தது. 1912-இல் உச்ச நீதிமன்றம் அதை 25,000 பேசோவாகக் குறைத்தது. அதற்குள் 'எல் ரெனாசிமியெந்தோ' நின்றுவிட்டிருந்தது, உடைமைகள் ஏலத்துக்குப் போயின. ஓகாம்போ 1910-இல் 'லா வான்குவார்தியா' என்ற புதிய ஏட்டைத் தொடங்கிப் பழைய ஏட்டின் இடத்தை நிரப்பினார்.

தலையங்கம் சொன்ன குற்றச்சாட்டுகள் உண்மையானவையா?

ஏட்டின் தரப்பினரால் அவற்றை நிறுவ முடியவில்லை என்பதே நீதிமன்றங்களின் முடிவு. ஊழலுக்கான சான்று வழக்கில் வெளிப்படவில்லை என்பதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதேசமயம், 1901-இல் நாட்டை ஆண்ட அமெரிக்க ஆணையம் இயற்றிய அவதூறுச் சட்டமும் அரசத்துரோகச் சட்டமும், 1907 முதல் பிலிப்பைன்ஸ் கொடியைக் காட்டுவதையே குற்றமாக்கிய சட்டமும் நடைமுறையில் இருந்த நாட்டில், ஒரு மூத்த அதிகாரியின் செயல்களை ஆதாரத்தோடு ஆராய ஓர் ஏட்டுக்கு எவ்வளவு வழி இருந்தது என்ற கேள்வியும் எழ வேண்டும். தலையங்கத்தின் ஆற்றல் அதன் கணக்கு விவரங்களில் இல்லை. எங்கள் மண்ணை ஆராய வந்தோம் என்று சொல்பவர்கள் எதற்காக ஆராய்கிறார்கள் என்று ஒரு பிலிப்பினோ ஏடு கேட்டதில்தான் இருந்தது.

தண்டனை நிலுவையில் இருக்கும்போது அவர் தேர்தலில் வென்றார் என்பது சரியா?

சரி. 1909 தேர்தலில் பத்தாங்காஸ் மக்கள் அவரை இரண்டாவது சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அன்றைய அமைப்பில் கீழவையான சட்டமன்றம் முழுதும் பிலிப்பினோக்களால் ஆனது. மேலவையாக இருந்த பிலிப்பைன் ஆணையத்தில் அமெரிக்கர்களே பெரும்பான்மை. அந்த ஆணையத்தில் வூஸ்டரும் உறுப்பினர். ஆக, வழக்குத் தொடுத்தவர் மேலவையிலும், வழக்கில் சிக்கியவர் கீழவையிலும் ஒரே நேரத்தில் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தனர். வாக்காளர்களைப் பொறுத்தவரை நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை.

அதன்பின் அவர் வகித்த பதவிகள் யாவை?

சட்டமன்ற உறுப்பினர் காலம் 1912-இல் முடிந்ததும், சட்டமன்றத்தின் செயலராகப் பணியாற்றினார். 1916-இல் பிலிப்பைன் நூலகமும் ஆவணப் பிரிவும் பிறவும் ஒன்றாக்கப்பட்டு 'பிலிப்பைன் நூலகமும் அருங்காட்சியகமும்' என்ற நிறுவனம் உருவானபோது, அதன் இயக்குநரானார். விரைவில் உள்துறைக்குத் துணைச் செயலராக மாற்றப்பட்டு, 1920 முதல் 1922 வரை உள்துறைச் செயலராக இருந்தார்.

1908-இல் உள்துறைச் செயலரை எதிர்த்த தலையங்கத்தை வெளியிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர், பன்னிரண்டே ஆண்டுகளில் அதே பதவிக்கு வந்தார். மலைவாழ் மக்களைப் பற்றிய நிர்வாகமும் அந்தத் துறையின் கீழேயே இருந்தது. 1916-இன் ஜோன்ஸ் சட்டம் விடுதலையை வாக்களித்து மேலவையையும் பிலிப்பினோக்களிடம் தந்ததாலும், ஹாரிசன் அமெரிக்க அதிகாரிகளின் இடங்களில் உள்நாட்டினரை அமர்த்தியதாலும் நேர்ந்த மாற்றம் இது. அமைச்சரவையிலிருந்து விலகியபின் விடுதலைக்கான குழுவின் பணிகளில் ஈடுபட்டார். 1929-இல் மீண்டும் தேசிய நூலகத்தின் இயக்குநராகிச் சுமார் பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். பெரும் பதவியை வகித்த பின் நூலகத்துக்குத் திரும்பியதை அவர் இறக்கமாக எண்ணியிருந்தால், அடுத்த விடைகளில் வரும் நூல்கள் பிறந்திருக்க மாட்டா.

அவர் ரஷ்யாவுக்குப் போனது எதற்காக?

1908-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த பன்னாட்டு நீர்வழிப் போக்குவரத்து மாநாட்டுக்குப் பிலிப்பைன்ஸ் சார்பில் அனுப்பப்பட்டவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான மனுவேல் கேசோன். கலாவ் அவருடைய செயலராக உடன் சென்றார். அந்தப் பயணத்தை விவரிக்கும் 'அசியா லா தியெர்ரா தெல் சார்', அதாவது 'சார் மன்னரின் நாட்டை நோக்கி', அதே ஆண்டு வெளிவந்தது. அவரது முதல் நூல்களுள் ஒன்று என்பதோடு, ஆசியக் குடியேற்ற நாடு ஒன்றின் இளைஞர் ஐரோப்பாவை நேரில் பார்த்து எழுதியது என்பதாலும் அது குறிப்பிடத்தக்கது.

அவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

1910-இல் இலோஇலோவைச் சேர்ந்த பூரா வில்யானுவேவாவை மணந்தார். பூராவை 'கலாவின் மனைவி' என்று மட்டும் குறிப்பது பெரும் பிழை. 1906-லேயே இலோஇலோவில் பெண்கள் உரிமைக்கான சங்கத்தைத் தொடங்கியவர், ஏடுகளில் எழுதியவர், 1908-இல் மணிலாவில் நடந்த முதல் கார்னிவல் விழாவில் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அவரும் அவர் தோழியரும் நடத்திய போராட்டம் முப்பது ஆண்டுகள் நீண்டது. 1935 அரசியலமைப்பு, பெண்களே வாக்களித்து 3,00,000 பேர் வேண்டும் என்று சொன்னால்தான் அந்த உரிமை தரப்படும் என்ற கடினமான நிபந்தனையை விதித்தது. 1937 ஏப்ரல் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 4,47,725 பெண்கள் வேண்டும் என்று வாக்களித்தனர்.

அவர்களின் மகள் மரியா கலாவ் கதிக்பாக் 1961-இல் செனட் உறுப்பினரானார். இன்னொரு மகள் பூரீதா கலாவ் லெதெஸ்மா 1948-இல் பிலிப்பைன்ஸ் கலைச் சங்கத்தைத் தொடங்கி, அந்நாட்டின் நவீன ஓவியத்துக்கு ஆதரவாக நின்ற விமர்சகர். கலாவின் தம்பி மாக்சிமோ, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த அறிஞர்.

வரலாற்றாசிரியர் என்ற முறையில் அவர் என்ன செய்தார்?

அவர் தாமே எழுதிய வரலாறுகளுள் 1924-இல் ஸ்பானிய மொழியில் வந்த 'லா ரெவொலூசியோன் ஃபிலிப்பினா' முதன்மையானது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. 1930-இல் கிரெகோரியோ தெல் பிலாரின் வாழ்க்கையை எழுதினார். 1899 டிசம்பர் 2 அன்று திராத் கணவாயில் சுமார் 60 வீரர்களோடு நின்று, அகினால்தோ தப்பிச் செல்வதற்கு நேரம் வாங்கித் தந்து, 24 வயதில் மடிந்த தளபதி அவர். ஃப்ரீமேசன் இயக்கத்தில் உயர் பொறுப்பு வகித்த கலாவ், புரட்சிக்கு முந்தைய தலைமுறையினர் பலர் சேர்ந்திருந்த அவ்வியக்கத்தின் பிலிப்பைன்ஸ் வரலாற்றை 1920-இல் எழுதினார்.

இவற்றைவிடப் பெரியது பதிப்புப் பணி. நூலகத்துக்குத் திரும்பிய மறு ஆண்டே, 1930-இல், 'எபிஸ்தொலாரியோ ரிசாலினோ' என்னும் ரிசால் கடிதத் தொகுப்பின் முதல் தொகுதி வந்தது. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசால் சுட்டுக் கொல்லப்பட்ட நாவலாசிரியர் ஹோசே ரிசாலின் கடிதங்கள் உறவினர்கள், நண்பர்கள், சேகரிப்பாளர்கள் எனப் பலரிடம் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பெற்றுக் கால வரிசையில் வைத்து, 1938 வரை ஐந்து தொகுதிகளாக அவற்றை வெளியிட்டார். ரிசாலும் போஹிமியாவின் லைட்மெரிட்ஸ் நகரத்து ஆசிரியர் ஃபெர்தினாந்த் புளூமென்ட்ரிட்டும் ஒருவருக்கொருவர் ஜெர்மன் மொழியில் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு மட்டும் ஐந்தாம் தொகுதி தேவைப்பட்டது. ரிசாலைப் பற்றி அதன்பின் எழுதிய எவரும் இந்தத் தொகுதிகளைத் தொடாமல் எழுத முடிந்ததில்லை.

அதே ஆண்டுகளில் அபொலினாரியோ மபினியின் எழுத்துகளையும் பதிப்பித்தார். பத்தாங்காஸின் தனாவான் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கால்கள் செயலிழந்த நிலையிலும் முதல் குடியரசின் தலைமை அமைச்சராக இருந்து, அமெரிக்கருக்குப் பணிய மறுத்ததால் 1901-இல் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர் மபினி. அங்கே அவர் எழுதிய புரட்சி வரலாறு, அவர் 1903-இல் காலராவால் இறந்தபின் கையெழுத்துப் படியாகவே நெடுநாள் இருந்தது. கலாவ் 1930-இல் மபினியின் அரசியல் கடிதங்களையும், 1931-இல் அந்த வரலாற்றைப் பிற ஆவணங்களோடு இரண்டு தொகுதிகளாகவும் அச்சேற்றினார். தம் மாகாணத்துக்காரர் என்ற பற்றும் இருந்திருக்கலாம். ஆனால் பக்கங்களைப் புரட்டும்போது தெரிவது பற்றைவிடப் பொறுப்புதான்.

சங்கடமான ஆவணங்களையும் அவர் விலக்கவில்லை. ஸ்பெயினுக்கு எதிரான புரட்சியை மூட்டிய கத்திபூனான் இயக்கத்தைத் தொடங்கிய ஆந்திரெஸ் போனிஃபாசியோ 1897 மே 10 அன்று கவீத்தே மாகாணத்தின் மரகொந்தோனில் கொல்லப்பட்டது ஸ்பானியர் கையால் அன்று. அகினால்தோ தரப்பினர் நடத்திய போர்க்கால நீதிமன்றத்தின் தீர்ப்பால். அந்த விசாரணைப் பதிவுகளைக் கலாவ் 1926-இல் நூலாக்கியபோது அகினால்தோ உயிரோடிருந்தார். நாட்டுப்பற்றின் பெயரால் அதை மூடி வைத்திருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆவணங்களை அச்சேற்றுவது அவ்வளவு அவசரமான வேலையா?

அந்த நாட்டில் அவ்வாறே இருந்தது. போரில் அமெரிக்கப் படை கைப்பற்றிய புரட்சி அரசின் ஆவணங்கள் பெட்டி பெட்டியாக வாஷிங்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஜான் டெய்லர் என்ற படை அதிகாரி அவற்றிலிருந்து தேர்ந்து மொழிபெயர்த்துத் தொகுத்த நூல் அச்சுக்கோத்து மெய்ப்பு நிலைவரை வந்தும், அரசு வெளியிடாமல் நிறுத்திவிட்டது. மூல ஆவணங்கள் மணிலாவுக்குத் திரும்பியது 1950-களின் இறுதியில்தான். தம் புரட்சியைப் பற்றி எழுத முனைந்த பிலிப்பினோ அறிஞர்களுக்குத் தம் சொந்தத் தாள்களே கிட்டாதிருந்த அந்த இடைக்காலத்தில், தனியாரிடம் மிஞ்சியிருந்தவற்றைக் கலாவ் திரட்டினார்.

அடுத்து வந்தது இன்னும் கொடியது. 1945 பிப்ரவரியில் ஜப்பானியப் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் இடையே மணிலா நகருக்குள்ளேயே போர் நடந்தது. தேசிய நூலகம் அப்போது சட்டமன்றக் கட்டடத்தில் இருந்தது. பீரங்கித் தாக்குதலில் அக்கட்டடம் இடிந்து, நூலகத்தின் பெரும்பகுதி அழிந்தது. ரிசாலின் இரு நாவல்களின் கையெழுத்துப் படிகள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பின. இத்தகைய பாதுகாப்புக் கிடைக்காத எத்தனையோ தாள்கள் சாம்பலாயின. கலாவ் இறந்து நான்கு ஆண்டுகள் சற்றே கடந்த நிலையில் நடந்தது இது. முப்பதுகளில் அவர் பதிப்பித்தவை பல வீடுகளுக்கும் பல நாட்டு நூலகங்களுக்கும் அச்சுப் படிகளாகப் போய்ச் சேர்ந்திருந்தன; அந்தத் தீ அவற்றை எட்டவில்லை.

அவரை இன்று பலர் படிக்காததற்குக் காரணம் என்ன?

முதற்காரணம் மொழி. அவர் தலைமுறை சிந்தித்ததும் எழுதியதும் ஸ்பானிய மொழியில். அமெரிக்கர் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்று மொழியானதால், அவருடைய பேரப்பிள்ளைகள் வயதில் இருந்தவர்களுக்கே அவர் எழுத்து அயல்மொழி எழுத்தாகிவிட்டது. 1935-இல் தம் முன்னோரின் ஒழுக்க நெறிகள் ஐந்தைப் பற்றி இளைஞர்களுக்காக அவர் எழுதிய சிறு நூலுக்கும் இதே தடைதான்.

இரண்டாவது, அவர் வரலாறு தலைவர்களின் வரலாறு. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், அரசியலமைப்பு வரைந்தவர்கள், படை நடத்தியவர்கள் அதில் நிறைந்திருக்கிறார்கள். நிலமற்ற உழவரும், அவர்களின் மறைபொருள் நிறைந்த சமயக் குழுக்களும் ஓரத்தில் நிற்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தலைமுறை இந்தக் குறையைச் சரியாகவே சுட்டிக்காட்டியது. ஆனால் போனிஃபாசியோவை மையமாக வைத்துப் புதிய வரலாறு எழுத முனைந்தோரும், கலாவ் வெளியிட்ட விசாரணைப் பதிவின் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது.

மணிலாவில் அவருடைய நினைவாக என்ன இருக்கிறது?

ரிசால் பூங்காவை ஒட்டி எர்மீத்தா பகுதியில் செல்லும் பெருந்தெருவுக்கு அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது. ரிசாலின் நூற்றாண்டான 1961-இல் திறக்கப்பட்ட இன்றைய தேசிய நூலகக் கட்டடம் அந்தத் தெருவில்தான் உள்ளது. வேறு எந்தச் சிலையைவிடவும் பொருத்தமான முகவரி அது.

ஸ்பானிய மொழி தெரியாதவர் எங்கிருந்து தொடங்கலாம்?

அவருடைய தன்வரலாற்றிலிருந்து. ஸ்பானிய மொழியில் அவர் எழுதி வைத்ததை மகள் மரியா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'எய்ட்-டி-கேம்ப் டு ஃபிரீடம்' என்ற பெயரில் 1965-இல், தந்தை இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின், வெளியிட்டார். அவதூறு வழக்கின் நாட்களைக் கலாவின் பார்வையிலேயே காண விரும்புவோர் அதைப் படிக்க வேண்டும். புரட்சியின் வரலாற்றை அறிய விரும்புவோர் 1925-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பை எடுக்கலாம்.